ஒரே கரையில் இறங்கியவர்கள்



சுந்தரபாண்டியபுரத்தின் சூரியகாந்தி வயல்களைக் காண வெளியூரார் திரண்டு வருகின்றனர். அதை அடுத்துள்ள தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் நம்மவர்கள் கடல் கடந்து சென்ற வரலாற்றை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் அவர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். 1941 ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே அமைந்துவிட்டது.

அப்பகுதிக்கு அருகில் தெலுக் ஆயர் என்றொரு தெரு உண்டு. இன்று உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த அத்தெரு, ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்தபோது அலைகள் அகன்றன. கரையில் எழுந்த வழிபாட்டிடங்கள் நிலைத்தன.

அத்தெருவில் நடந்து செல்லுங்கள். முதலில் 1828-30 இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா. 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. சற்று அப்பால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827 இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியதால் அதற்குக் குச்சுப்பள்ளி என்ற பெயரும் வழங்கியது. இவ்விரண்டிற்கும் நடுவே, 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் சீனர்கள் கட்டிய தியான் ஹோக் கெங் ஆலயம். புயலுக்குத் தப்பிக் கரை சேர்ந்த சீனர்கள் தங்கள் கடல் தெய்வமாகிய மாசூவுக்கு நன்றி செலுத்திய இடம் அது. அதன் பெரும் நன்கொடையாளர் தான் தோக் செங், ஏழை நோயாளிகளுக்காக மருத்துவமனை நிறுவியவர். அம்மருத்துவமனை இன்றும் அவர் பெயரால் இயங்குகிறது.

வியட்நாமிலும் இத்தகைய காட்சி உண்டு. ஹோ சி மின் நகரின் சோலோன் பகுதியில் அதே கடல் தெய்வத்திற்குச் சீனர் கட்டிய பழைமையான ஆலயம் இருக்கும் சாலையிலேயே, 1932 இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும் நிற்கிறது.

"அத்தகைய ஆலயத்தைப் பார்க்க நம் பிள்ளைகள் போகலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். வணங்குவது வேறு, அண்டை வீட்டாரின் வரலாற்றை அறிவது வேறு. ஊதுபத்தி ஏற்றுவதும் தலை வணங்குவதும் நம் வழியன்று. ஆனால் உயர்ந்த வாயிற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்வதும், வழிபடுவோர் முன் குரலைத் தாழ்த்துவதும், அனுமதியின்றி அவர்களைப் படம் எடுக்காதிருப்பதும் நம் ஈமானுக்குக் குறைவாகா. நம் பள்ளிவாசலுக்கு வரும் பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுக்கமும் இதுவேயன்றோ?

நம் முன்னோர் பிற சமயத்தாருடன் சுவர் ஒட்டி வாழ்ந்தும் தம் தொழுகையை விடவில்லை. அண்டை வீட்டாரை வெறுக்கவுமில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு அத்தெருவே சாட்சி. இன்று சிலர் இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டால்தான் மற்றது நிலைக்கும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர்.

ஆகவே, வேலைக்கோ படிப்புக்கோ சிங்கப்பூர் செல்லும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும் தாய்மார்களே! ஊறுகாய்ப் புட்டியுடன் இந்த வரலாற்றையும் சொல்லி அனுப்புங்கள். குச்சுப்பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, பக்கத்து ஆலயத்தின் வாயிலையும் மரியாதையோடு பார்த்து வரட்டும். பிற சமயத்தார் நம் ஊரிலும் அடுத்த தெருவில்தான் வாழ்கின்றனர். அவர்களிடம் எப்படிப் பழகுவதென்பதை, அவன் பயணம் புறப்படும் முன்பே உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.