உறுமியை உலக மேடை ஏற்றிய மாயா

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் நையாண்டி மேளம் களைகட்டும்போது, தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவே ஒரு சத்தம் தனியாகக் கேட்கும். காளை உறுமுவது போன்ற சத்தம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடித்து, மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்து அந்தச் சத்தத்தை எழுப்புவார்கள். அந்த வாத்தியத்துக்கு உறுமி என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்!

கொடையும் திருவிழாவும் முடிந்தால் மூலைக்குப் போய்விடும் அந்த உறுமி, 2007-ல் லண்டன், நியூயார்க் இளைஞர்களின் காதில் போய் விழுந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு பெண். பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. உலகத்துக்கு எம்.ஐ.ஏ.

ஹிப்-ஹாப் உலகில் பெரிய பெயர் எடுத்த முன்னோடித் தமிழ்ப் பெண் அவர். பாட்டுக்கு முன்னால் அவர் கையில் எடுத்தது ஸ்பிரே பெயின்ட்.

ஸ்கூல் டிரஸ்ஸுக்காக ஒரு பார்ட்டி

ஹிப்-ஹாப் என்றாலே வெறும் கூச்சல் என்று முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. அது பிறந்த கதையைக் கேட்டால் கொஞ்சம் மனசு மாறும்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளி திறப்பதற்கு முன் புது டிரஸ் வாங்கக் காசு சேர்க்க நினைத்த சிண்டி என்ற பெண், அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பார்ட்டி நடத்தினார். அந்த அண்ணன் கிளைவ் கேம்ப்பெல். 12 வயதில் ஜமைக்காவிலிருந்து வந்தவர். இசைத்தட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்ததும் கூட்டம் துள்ளி ஆடுவதைக் கவனித்திருந்தார். ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தத் தாளத்தையே நீட்டினார். அதன்மேல் பேச்சும் ஆட்டமும் ஏறிக்கொண்டன. டி.ஜே. கூல் ஹெர்க் என்று உலகம் கொண்டாடும் அவர், அதற்கு முன்பு சுவர்களில் பெயர் எழுதித் திரிந்த கிராஃபிட்டி பையன்.

பாட்டு கற்க வாத்தியம் இல்லாதவர்களுக்கு இசைத்தட்டு; படம் வரையக் கேன்வாஸ் வாங்க முடியாதவர்களுக்குச் சுவரும் ரயில் பெட்டியும். பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள், கையில் கிடைத்ததை வைத்து "நானும் இங்கே இருக்கிறேன்" என்று சொன்ன வழி அது.

கடல் கடந்த குடும்பம்

மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் தூத்துக்குடி. எதிர்க்கரையில் இலங்கையின் மன்னார். இரண்டு பக்கமும் முத்துக்குளித்த கடல் இது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டதும் இதே கடலில்தான். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இல்லை. 1983-க்குப் பிறகு இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான கடல், அகதிகளின் பாதையானது.

மாயா பிறந்தது 1975-ல், லண்டனில். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. அப்பா அருள்பிரகாசம், ஈரோஸ் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். இயக்கத்தில் அவர் பெயர் அருளர். தலைமறைவாக இருந்த அவர், எப்போதாவது வீட்டுக்கு வருவார். பாதுகாப்புக்காக, "மாமா வந்திருக்கிறார்" என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. அப்பாவை மாமா என்று அறிந்து வளர்ந்த குழந்தை அவர்.

இடையில் கொஞ்ச காலம், சென்னையில் ஒரு பாழடைந்த வீட்டில் அம்மா கலாவும் பிள்ளைகளும் கஷ்ட ஜீவனம் நடத்தினார்கள். மறுபடி யாழ்ப்பாணம். போர் முற்றியதும், 1986-ல் அகதிகளாக லண்டன். மாயாவுக்கு அப்போது பத்து, பதினோரு வயது. ஆங்கிலம் சரியாக வராது.

அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவும் திருடு போனது. அதன் பிறகு, பக்கத்து வீட்டுப் பையன்கள் போடும் ஹிப்-ஹாப் பாட்டுகள்தான் சுவர் வழியாக வந்து அவருக்குத் துணையாகின. வார்த்தை முழுசாகப் புரியாத வயதில் தாளம் புரிந்தது.

அட்டையில் வெட்டிய ஓவியம்

அம்மா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாயா, லண்டனின் பேர்பெற்ற சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சேர்ந்து சினிமா படித்தார்.

துறைமுகத்தில் சாக்கு மூட்டைக்குக் குறி போடுகிறவர்களுக்கு ஸ்டென்சில் பழக்கமானது. தகட்டிலோ அட்டையிலோ எழுத்தை வெட்டி, மேலே மை பூசினால் கீழே அச்சு விழும். மாயா அதே முறையில் அட்டையில் உருவங்களை வெட்டி, ஸ்பிரே பெயின்ட் அடித்துப் படங்கள் செய்தார். இலங்கைப் போரின் காட்சிகளும் லண்டன் தெருவும் பளீர் நிறங்களில் ஒரே படத்தில் கலந்தன. 2001-ல் லண்டன் போர்ட்டபெல்லோ ரோட்டில் ஒரு கடையில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார். அடுத்த ஆண்டு அவை புத்தகமாகவும் வந்தன.

எலாஸ்டிகா என்ற இசைக்குழுவின் ஆல்பத்துக்கு அட்டைப் படம் செய்து, அவர்களின் பயணத்தை வீடியோ எடுக்கப் போனார். அங்கேதான் தாளம் உருவாக்கும் ஒரு சின்ன ரோலண்ட் கருவி அறிமுகமானது. வாத்தியம் கற்காத மாயா, அதைத் தட்டித் தட்டியே பாட்டு அமைக்கப் பழகினார். 2003-ல் 'கலாங்' வெளியானது. அச்சிட்டது 500 இசைத்தட்டுகள்தான். வீடியோவில் அவர் ஆடுவதற்குப் பின்னால் ஓடியவை, அவரே வெட்டிய ஸ்டென்சில் ஓவியங்கள்.

அப்பா பெயர், அம்மா பெயர்

2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'அருளர்'. எங்கோ இருக்கும் அப்பா, தன் பெயரைத் தேடும்போது மகளைக் கண்டுகொள்வார் என்ற நப்பாசையும் அதில் இருந்தது. அப்பாவிடமிருந்து தகவலும் வந்தது. தலைப்பை மாற்றச் சொல்லி! மகள் மாற்றவில்லை.

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் செய்ய நினைத்தார். விசா சிக்கலானது. கதவு மூடினால் வேறு வாசல். சென்னைக்கு வந்தார், ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டூடியோவில் பதிவு செய்தார். உறுமிக் கலைஞர்களை வாசிக்க வைத்தார். அப்படி வந்ததுதான் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாட்டுகளின் அதிரடி. 'பேர்ட் ஃப்ளூ' வீடியோவைத் தென்னிந்திய மீனவர் கிராமம் ஒன்றில் எடுத்தார். ஆல்பத்தின் பெயர் 'கலா'. அம்மாவின் பெயர்.

அதில் இருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்காவின் பாப்புலர் பாட்டு வரிசையில் 4-வது இடம் வரை ஏறியது. விசா கிடைக்காமல் அலைந்த அனுபவமே அந்தப் பாட்டின் கரு. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ரஹ்மானுடன் சேர்ந்து செய்த 'ஓ... சாயா' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 2009 பிப்ரவரி 8 அன்று, நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் பாடினார். மூன்றாம் நாள் மகன் பிறந்தான்.

விமர்சனங்களும் கூடவே வந்தன. பாட்டிலும் படத்திலும் போரின் சின்னங்களைப் பயன்படுத்தியதால், தீவிரவாதத்துக்கு ஆதரவு என்று குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தார். 2009-ல் இறுதிப் போர் நடந்தபோது, சிக்கிக்கொண்ட தமிழ் மக்களைப் பற்றிக் கிடைத்த மேடையிலெல்லாம் பேசினார்.

தமிழில் ராப் என்ற வகையில், மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006-ல் தந்த 'வல்லவன்' ஆல்பத்துக்குத் தனி இடம் உண்டு. அது வேறு வழி; மாயா பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆனால் தன் பெயரை, பெற்றோர் பெயரை, ஊர்த் தாளத்தை அவர் மறைக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போனால் அதை முதலில் மறைக்கத்தான் பலருக்கும் தோன்றும். அவருக்கு அதுவே முதலீடானது.

2019-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது அறிவித்தது. அந்த டிசம்பரில் அருளர் காலமானார். அடுத்த மாதம் அரண்மனையில் மாயா பதக்கம் பெற்றார். அந்த அரச பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலையை லண்டனில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவந்தவர்களில் ஒருவர், அகதியாக வந்து இறங்கிய கலா. எத்தனையோ பேருக்காக அம்மா தைத்த பதக்கம், கடைசியில் மகளின் சட்டையிலும் ஏறியது.