கூலி சரியாக இருக்கிறதா?



நம் இதழுக்கு வரும் தபாலில் பெரும்பங்கு கவிதைகள். அடுத்தபடியாக, அட்டைப்படத்தைப் பாராட்டியோ திட்டியோ எழுதப்படும் நான்கு வரிகள். படித்து முடித்த நாவலைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறவர்கள் அபூர்வம். அப்படி ஒருவர் விருத்தாசலத்தில் இருக்கிறார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில், ஓரத்தைக்கூட விடாமல், பேசுவதுபோலவே எழுதுவார். பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. “கூட வேல செய்யறவங்க கேலி பண்ணுவாங்க சார்.”

வேலை, பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது. விருத்தாசலத்தில் ‘செராமிக்’ என்றால் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் பீங்கான் தொழிற்பேட்டைக்கு வண்டியைத் திருப்புவார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிவரும் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் வளர்ந்த தொழில். ஊறுகாய் ஜாடி, பியூஸ் கேரியர், கார்த்திகை அகல், கொலு பொம்மை என்று பல சாமான்கள் அங்கே சூளையேறுகின்றன. அந்தத் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தர ஊரிலேயே ஓர் அரசு நிறுவனமும் உண்டு. நம் வாசகிக்குப் பொம்மைக் கணக்கில் கூலி. ஒரு கிருஷ்ணருக்குக் கண் திறக்க எத்தனை நொடி ஆகும், அதில் தனக்கு என்ன மிஞ்சும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

இந்த விவரத்தை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நாவல் படிக்கும்போதும் அவர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். ‘இந்த ஆளுக்குப் பணம் எங்கேர்ந்து வருது?’ சமூக நாவலோ, சரித்திரமோ, கொலைக் கதையோ, விஞ்ஞானமோ, முதல் கேள்வி அதுதான். பதில் கதைக்குள் இருந்தால் மேலே படிப்பார். இல்லாவிட்டாலும் படிப்பார், ஆனால் கடிதத்தில் விடமாட்டார்.

இந்த முறை வந்த கடிதத்தில் கடந்த ஒரு வருடத்தில் அவர் படித்தவை எல்லாம் இருக்கின்றன. கிளை நூலகத்தில் எடுத்தவை, நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வாங்கியவை, இரவல். துப்பறியும் கதை எழுதும் ராஜேஷ்குமாரும் கொரிய நாவலாசிரியர் ஹான் காங்கும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

ஊர்க்காரரிடமிருந்து தொடங்குகிறேன். இமையம் விருத்தாசலத்தில் வசிப்பவர். சலவைத் தொழிலாளியைப் பற்றிய ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. ‘செல்லாத பணம்’ 2018இல் வந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றது. இன்ஜினீயரிங் படித்த ரேவதி, வீட்டாரின் எதிர்ப்பை மீறி, பர்மா அகதிக் குடும்பத்து ஆட்டோ டிரைவர் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடலெல்லாம் வெந்து புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டின் வாசலில் நடக்கிறது. விருத்தாசலம் பக்கத்து ஜனங்களுக்கு ஜிப்மர் என்பது கடைசி நம்பிக்கை. அங்கே காத்துக் கிடப்பது எப்படி என்று தெரியாத குடும்பம் மாவட்டத்தில் குறைவு.

வாசகி எழுதுகிறார்: “பாதியில மூடி வச்சிட்டன். ஒரு வாரம் தொடல. அப்பறம் எடுத்தா, எங்க விட்டன்னு தேட வேண்டியதே இல்ல, அவங்க அங்கயேதான் ஒக்காந்திருக்காங்க.” இந்த நாவலின் வடிவத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கதை நகர மறுக்கிறது. உறவினர் வருகிறார்கள், அழுகிறார்கள், பழைய பேச்சைக் கிளறுகிறார்கள், டீ குடிக்கப் போகிறார்கள். அப்பாவின் கையில் பணம் இருக்கிறது, ஆனால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியவில்லை.

அவருக்கு ஒரு குறையும் உண்டு. எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்களே, ரேவதி தன் வாயால் இன்னும் பேசியிருக்க வேண்டாமா? நான் அவர் கட்சி இல்லை. வெந்துபோனவளைப் பேசவைப்பது எழுத்தாளருக்குச் சுலபம். சுற்றியிருப்பவர்களைப் பேசவிட்டு, அவர்களின் அன்புக்குள்ளேயே சாதியும் கௌரவமும் எப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டுவது கடினம். ரவிக்குக்கூட அவன் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது. அதனால்தான் புத்தகத்தை மூடியதும் யாரையாவது ஒருவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை.

ஆனால் இமையத்தின் ‘எங் கதெ’ விஷயத்தில் அவரிடம் தோற்றுவிட்டேன். வேலையில்லாத பட்டதாரி விநாயகம், கணவனை இழந்த கமலாவின்மேல் வைத்த பித்தைத் தானே சொல்லும் சிறிய நாவல், 2015இல் வந்தது. மூச்சு விடாத பேச்சு நடை. அந்த நடைக்காகவே நான் அதைப் பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். வாசகியின் குறிப்பு: “அவ ஆபீசுக்குப் போறா, சம்பளம் வாங்குறா, ரெண்டு பொண்ண வளக்குறா. இவன் அவளப் பாத்துக்கிட்டே பத்து வருசம் ஓட்டுறான். இவன் சோத்துக்கு யாரு குடுத்தா? அத ஒரு பக்கம் எழுதியிருந்தா இவன் கோவம் எம்மாம் பொய்யின்னு தெரிஞ்சிருக்கும்.” நான் அந்த நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆணின் பிரலாபத்தை ஆண் வாசகன் கேட்பதற்கும், மாதச் செலவைச் சமாளிக்கிற ஒரு பெண் கேட்பதற்கும் இத்தனை தூரம் இருக்கிறது. விநாயகம் நம்பத்தகுந்த ஆள் இல்லை என்பதை இமையமே ஆங்காங்கே கசியவிட்டிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. நடையின் வேகத்தில் அதை நான் தாண்டிப் போயிருந்தேன்.

இமையத்தின் ‘வாழ்க வாழ்க’ அவருக்கு முழுத் திருப்தி. கட்சிக் கூட்டத்துக்கு வேனில் ஏற்றிவரப்பட்ட பெண்கள், தலைவி வரும் ஹெலிகாப்டருக்காக வெயிலில் காத்திருக்கும் கதை. 2016 ஏப்ரலில் விருத்தாசலத்தில் நடந்த தேர்தல் பொதுக்கூட்டத்தில் வெயில் தாங்காமல் இரண்டு பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு அந்தக் கதையைப் படிப்பது வேறு அனுபவம். தாகம், ஒதுங்க இடமில்லாத அவதி, பிளாஸ்டிக் நாற்காலிக்கான சண்டை எல்லாவற்றுக்கும் ‘சரி, சரி’ என்று ஓரத்தில் டிக் அடித்ததாக எழுதியிருக்கிறார். நூலகப் புத்தகத்தில் இல்லை என்று நம்புகிறேன்.

விருத்தாசலத்தை ஒட்டிய மணக்கொல்லையைச் சேர்ந்தவர் கண்மணி குணசேகரன். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். ‘அஞ்சலை’யை நம் வாசகர்களில் பலர் படித்திருப்பீர்கள். ‘நெடுஞ்சாலை’ அந்தப் பணிமனையின் தற்காலிகத் தொழிலாளர்களைப் பற்றியது. அதைப் படித்த பிறகு, பஸ் லேட்டானால் கண்டக்டரைத் திட்டுவதை நிறுத்திவிட்டாராம் வாசகி. ஆனால் அவரை உலுக்கியது ‘வந்தாரங்குடி’. நெய்வேலி சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு ஊரையே பெயர்த்துக்கொண்டு போன ஜனங்களின் கதை. சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. அதன் வரலாற்றை மெகாவாட் கணக்கில் படித்தே பழகிவிட்டோம். கடிதத்தில் இந்த இடத்தில் எழுத்து கொஞ்சம் பெரிதாகிறது: “தெனம் என் கையில ஒட்டுற மண்ணு யார் வூட்டுக் கொல்லையோ தெரியில சார்.”

இதற்கு மேல் அவர் விளக்கவில்லை. அடுத்த வரியில் போர்னியோவுக்குப் போய்விடுகிறார். நக்கீரனின் ‘காடோடி’, மழைக்காட்டில் மரம் வெட்டும் முகாமுக்கு வேலைக்குப் போன தமிழனின் பார்வையில் விரிவது. நம் விமர்சகர்கள் அதைச் சூழலியல் நாவல் என்று தனி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். இவருக்கு அதுவும் ‘வந்தாரங்குடி’யும் ஒரே அலமாரி. காட்டை அழிக்கிற கம்பெனியிடமே சம்பளம் வாங்குகிறவன் காட்டுக்காக அழுதால் அந்த அழுகையில் ஒரு கூச்சம் இருக்குமே, அந்தக் கூச்சம் புத்தகம் முழுக்க இருப்பதாகச் சொல்கிறார். சரிதான் என்று எனக்கும் படுகிறது.

விஞ்ஞானக் கதைக்கு வருகிறேன். சுதாகர் கஸ்தூரியின் ‘6174’. லெமூரியா, கோலப் புள்ளிகள், புதிர்ப் பாடல்கள் எல்லாம் கலந்த சாகச நாவல். தலைப்பில் இருப்பது காப்ரேக்கர் எண். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் கண்டுபிடித்தது. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசை எண்ணைக் கழியுங்கள். வந்த விடையை மறுபடி அப்படியே செய்யுங்கள். ஏழு முறைக்குள் 6174இல் வந்து நின்றுவிடும். வாசகி நம்பாமல், ‘செல்லாத பணம்’ வெளியான 2018ஐ வைத்துக் கடிதத்தின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். 8210இலிருந்து 0128 போக 8082. 8820இலிருந்து 0288 போக 8532. 8532இலிருந்து 2358 போக 6174. மூன்றே படி. கீழே இரட்டைக் கோடு.

கணக்கு பிடித்திருந்தது. கதாபாத்திரங்கள்மேல்தான் புகார். “இவங்க யாரும் லீவு லெட்டர் குடுத்த மாதிரியே தெரியலயே!” இங்கே அவருடைய அளவுகோல் உதவாது என்பது என் எண்ணம். சாகச நாவலில் வீட்டு வாடகை யாரும் கேட்பதில்லை. தப்பியோடுகிறவன் டிக்கெட் எடுத்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தால் ரயில் போய்விடும். தமிழில் விஞ்ஞான நாவல் எழுத ஆளே குறைவாக இருக்கும்போது, எழுதுகிறவரிடம் வருகைப் பதிவேட்டை நீட்ட எனக்கு மனமில்லை.

இதே கண்டிப்பு பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யிடம் ஏன் இல்லை என்று கேட்டு எழுதினேன். ஒரு ராட்சசன் மாதிரியான ஆள் கிழவனிடம் கறுப்பு ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டு மறைகிறான், குட்டிக்கு மனசிருக்கிறது, காதலிருக்கிறது. நம்பவே முடியாத கதை. உடனே பதில் வந்தது: குட்டியைக் கணக்கில் பதிவு பண்ணி, அதற்குக் காது குத்திவர ஜனங்கள் வரிசையில் நிற்கிற இடம் அச்சு அசலாக இருக்கிறதாம். ரேஷன் கடையிலும் ஆதார் சென்டரிலும் நின்றவர்களுக்குத் தெரியுமாம். வரிசை நிஜமாக இருந்தால் ஆடு பேசினாலும் அவருக்குச் சம்மதம்.

மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’, 2022இல் சாகித்ய அகாதெமி பெற்ற சரித்திர நாவல். சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்திய கதை. ஆவணங்களைத் திரட்டிய உழைப்பைப் பாராட்டிவிட்டு, வீட்டில் தங்கிவிட்ட பெண்களுக்கு இன்னும் நூறு பக்கம் வேண்டும் என்கிறார். மறுநாள் உலை வைத்தது எப்படி என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ராஜேஷ்குமார் நாவல்களைப் பற்றி ஒரே வரி: ‘போலீஸ்காரங்க ரொம்ப நல்லவங்களா இருக்காங்க.’

இந்தக் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் ஹான் காங்கின் நாவல். சமயவேல் மொழிபெயர்ப்பில் ‘மரக்கறி’ என்று தமிழில் கிடைக்கிறது. 2024இல் நோபல் வந்த பிறகு அதைப் பற்றி வந்த கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அநேகமாக எல்லாமே இறைச்சியை விட்டுவிட்ட தங்கையைப் பற்றியவை. விருத்தாசலத்து வாசகி அக்காவைப் பார்த்திருக்கிறார். அழகுசாதனக் கடை நடத்தி, பிள்ளையை வளர்த்து, ஊர்சுற்றும் கலைஞனான புருஷனைத் தாங்கி, கடைசியில் தங்கையின் ஆஸ்பத்திரிச் செலவையும் சுமக்கிறவள். “தங்கச்சி மரமாவணும்னு நெனைக்குறா. அக்காளுக்கு அதுக்கும் நேரமில்ல. கடைய யாரு தொறக்குறது?” கொரியாவில் எழுதப்பட்ட நாவலுக்கு இங்கிருந்து இப்படி ஒரு வாசிப்பு. நம் இதழில் வந்த மதிப்புரையில் அந்த அக்காவுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைத்திருந்தது.

சூளை பிரித்ததும் ஒவ்வொரு சாமானையும் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘ணங்’ என்றால் நல்லது, சத்தம் அமுங்கினால் எங்கோ விரிசல். நாவலையும் அப்படித்தான் சுண்டிப் பார்க்கிறீர்களோ என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதிக் கேட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை. “பீங்கான் வேற, பொஸ்தகம் வேற சார். விரிசல் உட்ட ஜாடிய ஓரமாத்தான் கொட்டணும். விரிசல் உட்ட நாவலு சிலது ரெண்டாந்தரம் படிக்கத் தோணுது.” எனக்கு உவமையும் போயிற்று.

இலக்கியம், ஜனரஞ்சகம், சரித்திரம், துப்பறியும் கதை என்று பதிப்பகத்தார் பிரிப்பது கடையில் அடுக்கும் வசதிக்காக. பத்திரிகைக்காரர்களான நாமும் அந்தப் பிரிவுகளின்படி மதிப்புரையாளர்களைப் பிரித்து வைத்திருக்கிறோம். துப்பறியும் நாவலுக்கு ஒருவர், தலித் நாவலுக்கு ஒருவர், மொழிபெயர்ப்புக்கு ஒருவர். ஒருவர் வரப்பை மற்றவர் தாண்டுவதில்லை. ‘வந்தாரங்குடி’யை ‘காடோடி’யோடும், ‘பூனாச்சி’யை ஆதார் வரிசையோடும் சேர்த்து வைத்துப் பார்க்கிற வாய்ப்பு அதனால் நம் பக்கங்களில் அமையவில்லை. இதை அடுத்த இதழிலிருந்து மாற்றுகிறோம். மாதம் ஒரு வாசகரின் வருட வாசிப்பு முழுமையாக வரும். என்ன வகை நாவல் என்ற கட்டுப்பாடு கிடையாது.

எழுதுகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கதைச் சுருக்கம் வேண்டாம், அது பின்னட்டையிலேயே இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எரிச்சல் வந்தது, எங்கே மூடி வைத்தீர்கள், மறுபடி ஏன் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். எழுத்தாளர் பெரியவர் என்பதற்காகத் தயங்க வேண்டாம், நோபல் பரிசோ சாகித்ய அகாதெமிப் பரிசோ உங்கள் எரிச்சலைத் தடுக்காது. கையெழுத்து புரிந்தால் போதும். நோட்டுத் தாளாக இருந்தாலும் சரி.

விருத்தாசலத்துக் கடிதம் ஒரு புகாரோடு முடிகிறது. சலவைத் தொழிலாளிக்கு நாவல் இருக்கிறது, பணிமனைத் தொழிலாளிக்கு நாவல் இருக்கிறது, நிலம் இழந்தவருக்கு நாவல் இருக்கிறது, பீங்கான் வேலைக்காரர்கள் மட்டும் எந்த நாவலிலும் வரவில்லையாம். நீங்களே எழுதுங்களேன் என்று பதில் போட்டேன். கொலு சீசன் முடியட்டும், இப்போது ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது என்று ஒரு கார்டு வந்திருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்