அரசா, தனியாரா?

போன மாசம் கிளைக்கு ஒரு கல்விக்கடன் விண்ணப்பம் வந்தது. மகளுக்காகக் கேட்டு வந்தவர் மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர். இங்கே திருவனந்தபுரத்தில் ஒரு ராணுவக் கேன்டீனில் இருபது வருஷமாக விற்பனையாளர். (எந்தக் கேன்டீன் என்று கேட்காதீர்கள்.) 'வேலை' என்ற இடத்தில் மத்திய அரசு, மாநில அரசு, தனியார் என்று மூன்று கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார்.

"சார், சம்பளச் சீட்டுல கையெழுத்து போடறது பட்டாளத்து ஆபீசர். நான் எதுல டிக் போட?"

நம்ம ஊரில் 'மிலிட்டரி கேன்டீன்ல வேலை' என்றால் பெண் வீட்டார் மேற்கொண்டு விசாரிக்கவே மாட்டார்கள். ஹும்...

விஷயம் இதுதான். கேன்டீன் என்று நாம் சொல்வதில் இரண்டு உண்டு. 1948-ல் தொடங்கிய சி.எஸ்.டி., பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. அதன் டிப்போ ஊழியர் அசல் மத்திய அரசு ஊழியர். பே லெவல், இன்கிரிமென்ட், எல்லாம் உண்டு. 2016-லிருந்து கடைசிப் படிக்கே அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். அந்தச் சரக்கை வாங்கி ஜவான்களுக்கு விற்கும் கடை, அந்தந்த யூனிட் நடத்துவது. நம்மவர் இந்த ரகம். தூக்குவது அதே பிஸ்கட் பெட்டிதான்!

2001-ல் உச்ச நீதிமன்றம், யூனிட் கேன்டீன்காரர்களும் அரசு ஊழியர்களே என்றது. எல்லாச் சலுகையும் கிடையாது, ஆனால் சி.எஸ்.டி.யில் அதே வேலை செய்பவரின் சம்பள விகிதத்தில் குறைந்தபட்சம் தரவேண்டும் என்றது. 2009 ஏப்ரலில் பெரிய அமர்வு அதை மாற்றிவிட்டது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு நம் ஆக்குளத்தில் இருக்கும் தெற்கு விமானப்படைத் தலைமையகம். வழக்காடியவர் அதற்குள் காலமாகிவிட்டார். தீர்ப்பு வாரிசுகள் பெயரில் இருக்கிறது. சொன்ன காரணம்: இந்தக் கடைகளுக்கு இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து பணம் வருவதில்லை, சி.எஸ்.டி. தருவதும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான்.

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை. நாங்கள் ஒரு மளிகைக்கடைக்குக் கடன் கொடுத்தால் கடைப்பையன் வங்கி ஊழியன் ஆகிவிட மாட்டான். ஆனால் யாரை எடுப்பது, யாரை நிறுத்துவது, எத்தனை மணிக்குக் கடை திறப்பது என்று நாங்கள் உத்தரவு போடுவதும் இல்லையே! பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பார்த்த அளவுக்கு, உத்தரவு யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்திருக்கலாம் என்பது என் கட்சி. அரசு ஊழியர் என்ற பெயர் வேண்டாம், போகட்டும். 2001-ல் சொன்ன அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கடை லாபத்திலிருந்து கொடுக்கலாம். 2009 தீர்ப்பு அதைத் தடுக்கவில்லை.

கடைசியில் 'தனியார்' கட்டத்தில் நானே டிக் போடச் சொன்னேன். அவர் பேசவில்லை. அடுத்த வரியில் 'நிறுவனத்தின் பெயர்' என்று இருந்தது. யூனிட் பெயரை எழுதினார்.

நேற்று மேலிடத்திலிருந்து ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "ராணுவ யூனிட் எப்படித் தனியார்? விளக்கவும்."