ஓடுகிற பிள்ளைக்கு எல்லாம் கரைந்துவிடுமா?

தை, மாசி மாதங்கள் வந்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலை மைதானங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டிவிடும். அண்மையில் அப்படியொரு போட்டிக்குப் போயிருந்தேன். 400 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பையன், மூச்சு அடங்குவதற்கு முன்பே மதிலோரக் கடைக்குப் போனான். திரும்பி வரும்போது ஒரு கையில் மிதிவெடி, மறு கையில் சிவப்பு அடையாளமிட்ட சோடாப் போத்தல். (வெளிநாட்டு வாசகர்கள் பதற வேண்டாம். மிதிவெடி என்பது முட்டை வைத்துப் பொரித்த பெரிய றோல்ஸ். போர் எமது சிற்றுண்டிக்கும் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.) அருகில் நின்ற அவனுடைய தந்தையாரிடம் மெல்லக் கதை கொடுத்தேன். "ஓடுற பிள்ளை ஐயா, எல்லாம் கரைஞ்சிடும்" என்றார்.

இந்த ஒரு வசனத்தை நான் அரை நூற்றாண்டாகக் கேட்டு வருகிறேன். விளையாடுகிற காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. ஆகவே 400 மில்லிலீற்றர் சிவப்புப் போத்தல் ஒன்றில் குறைந்தது 44 கிராம், அதாவது பதினொரு தேக்கரண்டிச் சீனி. நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துபோகும் ஓட்டத்துக்கு உடல் கேட்பது தண்ணீர் மட்டுமே.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தி எம்மையெல்லாம் உலுக்கியது. அந்த மரணத்தைப் பற்றி நான் ஊகம் எதுவும் எழுதப்போவதில்லை. ஆனால் பொதுவாக, இளம் வீரர் ஒருவர் மைதானத்தில் திடீரென விழுந்தால் சாப்பாட்டைக் குறைசொல்வது பொருந்தாது. பிறவியிலேயே தடித்த இதயத்தசை, இதயத்தின் மின்னோட்டக் கோளாறு, காய்ச்சலுக்குப் பின் வரும் இதயத்தசை அழற்சி போன்றவையே பெரும்பாலும் காரணமாகின்றன. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டு வீரர்களுக்கு இதய மின்வரைவுப் பரிசோதனை கட்டாயம். எமது பாடசாலைகளில் அது நாளைக்கே வந்துவிடாது. எனினும், "குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்தார்களா? ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா?" என்று கேட்பதற்கும், காய்ச்சல்காரப் பிள்ளையை ஓடவிடாமல் இருத்துவதற்கும் காசு தேவையில்லை.

உணவு செய்யும் கேடு வேறு வகையானது. அது மைதானத்தில் வருவதில்லை. மைதானத்தை விட்டு வெளியேறி இருபது வருடங்களுக்குப் பின் வருகிறது.

எமது பாடசாலை உதைபந்தாட்ட அணியில் பின்வரிசையில் ஆடிய நண்பன் ஒருவன் இருந்தான். தொண்ணூறு நிமிடமும் களைக்காதவன். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பந்து போயிற்று. கடைக் கல்லாவில் கதிரை வந்தது. கோப்பையில் விழும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. சீனி வருத்தம் முப்பத்தைந்தில் தெரியவந்தது. நாற்பத்தொன்றில் அவனைக் கோம்பயன்மணலுக்குத் தூக்கிச் சென்றவர்களில் பாதிப்பேர் அந்தப் பழைய அணியினர். எங்களில் மூவருக்கு அப்போதே இரத்த அழுத்தம்.

1978 இல் அமெரிக்கரான பஃபன்பார்கர், ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பழைய மாணவர் ஏறத்தாழ 17 ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. மாணவப் பருவத்தில் வீரராக இருந்தது பிற்காலத்தில் மாரடைப்பிலிருந்து காக்கவில்லை. தொடர்ந்து உடலை இயக்கியவர்களையே காத்தது. பதக்கம் சேமிப்புக் கணக்கு அல்ல, வட்டி போடாது.

எமக்கு இன்னொரு சுமையும் உண்டு. தெற்காசியருக்கு உடல் மெலிவாகத் தோன்றினாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. நீரிழிவு வெள்ளையரைவிடக் குறைந்த எடையிலேயே, இளவயதிலேயே வருகிறது. ஒஸ்லோவில் நடந்த சுகாதார ஆய்வு, அங்கு வாழும் இலங்கையரிடையே நீரிழிவு நோர்வேஜியரைவிடப் பன்மடங்கு இருப்பதைக் காட்டியது. அவர்களுள் பெரும்பாலானோர் எம்மவரே. கருவில் ஊட்டம் குன்றிய பிள்ளைகள் பின்னாளில் இதயநோய்க்கு எளிதில் ஆளாகின்றனர் என்று ஆங்கிலேய மருத்துவர் பார்க்கர் 1989 இல் எழுதினார். 1990 க்குப் பின் பொருளாதாரத் தடைக்குள் கருவுற்ற தாய்மாரை நினைத்துப் பாருங்கள். அன்று பிறந்தவர்களே இன்று மைதானத்தைச் சுற்றி நிற்கும் பெற்றோர்.

அந்த நாள்களில் நிவாரணமாக வந்த கோதுமை மா எமது அடுக்களையை விட்டுப் போகவேயில்லை. காலையில் பாண், மாலையில் றோல்ஸ், இரவில் கொத்துரொட்டி. குரக்கன் புட்டும் ஒடியற்கூழும் விருந்தாளிகளுக்குக் காட்டும் பழம்பொருள்களாகிவிட்டன. கோடை விடுமுறைக்கு வரும் உறவினரைக் கூட்டிக்கொண்டு போய்க் கூழ் குடிப்பிக்கிறோம். எமது பிள்ளைக்குப் பணிஸ் வாங்கிக் கொடுக்கிறோம்.

ஓடுகிற பிள்ளைக்கு மாச்சத்து வேண்டும், அதை மறுக்கவில்லை. பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழம் போதும். பயிற்சி முடிந்தபின் அவித்த பயறோ கடலையோ, ஒரு முட்டை. மதியம் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதோடு பருப்பு, முருங்கையிலைச் சுண்டல் அல்லது வல்லாரைச் சம்பல். சூடைமீன் விலை குறைந்தது. முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். நீண்டநேர வெயிலுக்கு உப்பிட்ட மோர். தேங்காய்ப்பாலை நான் பகைக்கவில்லை. சொதி இல்லாத இடியப்பத்தை என்னாலும் விழுங்க முடியாது. ஆனால் மாவுக்குச் சரிபாதி தேங்காய்ப்பூவும், மேலே பொரியலும் கருவாடும் அப்பளமும் என்பது வயலில் நின்றவனின் கோப்பை, மோட்டார்சைக்கிளில் போகிறவனுடையது அல்ல. விளையாட்டை விடுகிற பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் பயிற்றுநரின் வேலைதான். அதை எந்தப் பயிற்றுநரும் செய்து நான் பார்த்ததில்லை.

இனிப் பணத்தின் கதை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் தம் பாடசாலைகளுக்கு அள்ளிக் கொடுக்கின்றன. நன்றியோடு சொல்கிறேன். அந்தப் பணத்தில் பார்வையாளர் மண்டபம் எழுகிறது, மின்னியல் புள்ளிப் பலகை வருகிறது. அந்த மண்டபத்தின் நிழலில் வெறும் தேநீரோடு அதிகாலைப் பயிற்சிக்கு வந்த பிள்ளை குந்தியிருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பின் முட்டையும் பாலும் பல வீடுகளில் மாதக் கணக்காகிவிட்டன. அணியிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பயிற்சி நாளில் ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பயறு, வருடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பது – இதற்குப் புள்ளிப் பலகைக்கு ஆகிற செலவு ஆகாது.

சென்ற மாதம் இதை வெளிநாட்டில் இருக்கும் சங்கக்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நல்ல யோசனைதான் அண்ணை. ஆனா முட்டையில பெயர் பொறிக்கேலாதே!"