ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை யார் ஓட்டிப் பார்ப்பது?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு இரவு. மாவட்டத் தலைநகர் ஒன்றின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நாம் உட்கார்ந்திருந்தோம். நமது விவசாயத் தொழிலாளர் சங்கத்து அம்மா ஒருவர் உள்ளே தீவிர சிகிச்சை வார்டில் கிடந்தார். நடவு வேலை முடிந்து வந்து தரையில் படுத்த இடத்தில் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. கட்டுவிரியன் கடி பெரிதாக வலிக்காது, வீங்காது. ஆனால் சில மணி நேரத்தில் கண் இமை தொங்கும், நாக்கு குழறும், பிறகு மூச்சு விடுகிற தசைகளே செயலற்றுப் போகும். விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகும் சிலருக்கு நாட்கணக்கில் வெண்டிலேட்டர் யந்திரம்தான் மூச்சு விட வேண்டும். அந்த நாட்களைக் கடத்திவிட்டால் ஆள் முழுசாக எழுந்து வந்து மறுபடியும் வயலில் இறங்கலாம்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் காற்றும் மழையும் அடித்துக் கரண்டு போயிற்று. எல்லோரும் ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காது கொடுத்தோம். சத்தம் வரவில்லை. வெண்டிலேட்டருக்குள் இருக்கும் பாட்டரி பத்து நிமிஷம் இழுத்தது. பிறகு அதுவும் கூவ ஆரம்பித்தது. ஒரே ஒரு நர்ஸ், நான்கு நோயாளிகள். அந்தச் சகோதரி குழாயைக் கழற்றி, ரப்பர் பையை மாட்டி, அம்மாவின் மருமகன் கையில் கொடுத்து, "அண்ணே, நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை அமுக்குங்க, வேகமா வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடினார். மருமகன், அவர் தம்பி, நாம், வாசலில் டீ விற்பவர் என்று மாற்றி மாற்றி அமுக்கினோம். ஐம்பது நிமிஷம். பிறகு கரண்டு வந்தது.

அம்மா பிழைத்துக்கொண்டார். இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார். ஆகவே இது சாவுச் செய்தி அல்ல. ஆனாலும் அந்த ஐம்பது நிமிஷத்தை நம்மால் மறக்க முடியவில்லை.

காலையில் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தோம். பச்சை வர்ணம் அடித்த பெரிய பெட்டி, பூமாலை, குங்குமப் பொட்டு எல்லாம் இருந்தது. ஆயுத பூஜை ஒரு குறைவும் இல்லாமல் நடந்திருக்கிறது! பக்கத்தில் ஒரு ரிஜிஸ்தர். வாரம் தவறாமல் 'ஓட்டிப் பார்க்கப்பட்டது, சரி' என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில் பதிவு. ஆப்பரேட்டர் ஒரு இளைஞர், காண்ட்ராக்ட் ஆள். அவரிடம் கேட்டோம்.

"அண்ணே, திங்கட்கிழமை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவோம். லோடு கொடுக்க மாட்டோம். லோடு கொடுக்கணும்னா ஆஸ்பத்திரி மெயினை ஆப் பண்ணணும். அதுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. போன மாசம் சர்வீஸ்காரங்க வந்துட்டுப் போனதிலிருந்து பாட்டரி சரியில்லைன்னு எழுதிக் கொடுத்தேன். இன்னும் வரலை."

தோழர்களே, இந்த இளைஞர் சொன்னதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அவர் மீது நாம் குற்றம் சொல்லமாட்டோம். மூன்று ஷிப்டுக்கு ஒரே ஆள் அவர். தண்ணீர் மோட்டாரும் அவர்தான், லிப்டும் அவர்தான்.

ஆயில் இஞ்சின் வைத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். டீசல் இஞ்சின் எப்படிப்பட்ட மிருகம் என்று விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருந்தால் வருஷக்கணக்கில் ஓடும். ஆறு மாதம் சும்மா போட்டுவிட்டு ஒருநாள் திடீரென்று கிளப்பினால் கிளம்பாது. டீசலில் தண்ணீர் இறங்கியிருக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் பாசி போல ஒரு வழவழப்பு வளர்ந்து பில்டரை அடைத்திருக்கும். இல்லாவிட்டால் லைனில் ஏர் பிடித்திருக்கும். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்குள் இருப்பதும் அதே டீசல் இஞ்சின்தான். வித்தியாசம், அதை யாரும் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. பாட்டரிதான் ஸ்டார்ட்டரை இழுக்க வேண்டும். ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு முதல் காரணமாக இந்த வேலை தெரிந்தவர்கள் எங்கேயும் சொல்வது பாட்டரியைத்தான். மீட்டர் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு வோல்ட் காட்டும், 'சரி' என்று எழுதிவிடலாம். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது அது எட்டுக்கு விழுகிறதா, பத்தில் நிற்கிறதா என்று பார்த்தால்தான் உயிர் இருக்கிறதா என்பது தெரியும். நமது வெப்பத்தில் அந்தப் பாட்டரி இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை. அது சாகும் வரை காத்திராமல் மாற்றிவிட வேண்டும்.

மில் தொழிலாளிகளுக்கு இன்னொன்றும் தெரியும். லோடு இல்லாமல் இஞ்சினை ஓட்டிக்கொண்டே இருந்தால் அது சூடேறாது. டீசல் பாதி எரிந்தும் பாதி எரியாமலும் புகைக்குழாயில் கறுப்பு எண்ணெயாகக் கசியும், கரி ஏறும். வாரம் ஐந்து நிமிஷம் சும்மா ஓட்டுவது சோதனை அல்ல. இஞ்சினைக் கெடுக்கிற வேலை. அது கிளம்புகிறது என்பது மட்டுமே அதில் தெரியும். வார்டைத் தாங்குமா என்பது தெரியாது. இஞ்சின் கொட்டகையில் உறுமிக்கொண்டே இருக்கும், வார்டில் இருட்டாகவே இருக்கும். ஏன்? நடுவில் கரண்டை மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் துரு ஏறி மாட்டிக்கொண்டிருக்கும். அல்லது சர்வீஸுக்கு வந்தவர் சாவியை 'ஆட்டோ'விலிருந்து திருப்பி வைத்துவிட்டு மறந்து போயிருப்பார். ஒரு சாவியின் திருப்பம்! அதற்குப் பின்னால் நான்கு உயிர்.

லோடும் நாளுக்கு நாள் ஏறுகிறது. ஜெனரேட்டர் வாங்கிய வருஷம் ஆஸ்பத்திரியில் என்ன இருந்ததோ அதற்குத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். பிறகு புதுக் கட்டிடம் வந்தது, ஸ்கேன் யந்திரம் வந்தது, குளிர்சாதனம் வந்தது. எல்லாம் வரட்டும், வேண்டும்தான். ஆனால் எந்த லைன் ஜெனரேட்டரில் சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நாம் பார்த்த ஆஸ்பத்திரியில் அலுவலக அறைகளின் ஏ.சி. ஜெனரேட்டர் லைனில் இருக்கிறது. தடுப்பூசி வைக்கும் பெட்டி அதில் இல்லை. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று சுவரில் மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறது.

2012ஆம் ஆண்டு மின்வெட்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். சென்னைக்கு வெளியே பகலில் பாதி நேரம் கரண்டு கிடையாது. அப்போது மில் முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஆப்பரேட்டர் போட்டார்கள், பாட்டரியைத் துடைத்து வைத்தார்கள், டீசல் டாங்கில் அளவுக்குச்சி போட்டுப் பார்த்தார்கள். கரண்டு போன மறு நிமிஷம் கதிர் சுற்றியது. நூல் அறுந்தால் நஷ்டம் யாருக்கு என்பது அவர்களுக்குத் தெரியும்! கதிர் நிற்கக்கூடாது என்பதற்கு இத்தனை ஏற்பாடு முடியுமென்றால், மூச்சு நிற்கக்கூடாது என்பதற்கு ஏன் முடியாது? யந்திரம் ஒன்றேதான், டீசலும் ஒன்றேதான். வார்டில் கிடப்பவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

2019 மே 7ஆம் தேதி மாலை மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியில் மழைக்காற்றில் மின்சாரம் போயிற்று. விபத்துச் சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரில் இருந்த மூவர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஜெனரேட்டர் ஓடவில்லை, யந்திரம் நின்றது என்று உறவினர்கள் அழுதார்கள். நிர்வாகம் மறுத்தது. நோயின் கடுமையால்தான் இறந்தார்கள், வெண்டிலேட்டரில் பாட்டரி இருந்தது என்றது. விஷயம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிற்று. எது காரணம் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நாம் கேட்பது வேறு. முந்தின மாதம் அந்த ஜெனரேட்டரை லோடோடு எத்தனை நிமிஷம் ஓட்டிப் பார்த்தார்கள் என்பதற்கு ஜனங்கள் பார்க்கக்கூடிய ஒரு தாள் இருந்திருந்தால், அழுதவர்களுக்கும் மறுத்தவர்களுக்கும் நடுவில் உண்மை நின்றிருக்குமே!

அமெரிக்காவைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயங்கள் ஆயிரம் உண்டு. ஆனால் நல்ல விதியை நல்ல விதி என்று சொல்வதில் தவறில்லை. அங்கே தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்த 110ஆம் எண் விதி இருக்கிறது. வாரம் ஒருமுறை கண்ணால் பரிசோதிக்க வேண்டும். மாதம் ஒருமுறை, இஞ்சினின் சக்தியில் முப்பது சதவீதத்துக்குக் குறையாத லோடு கொடுத்து, முப்பது நிமிஷம் ஓட்ட வேண்டும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்சையும் மாதந்தோறும் இயக்கிப் பார்க்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நெடுநேரச் சோதனை. உயிர் காக்கும் லைன்களுக்குப் பத்து வினாடிக்குள் கரண்டு வர வேண்டும்.

விதி இருந்தும் அங்கேயும் கவிழ்ந்ததுண்டு. 2012 அக்டோபர் 29ஆம் தேதி சாண்டி புயலில் நியூயார்க் நகருக்குள் கடல் ஏறியது. பெல்வியூ என்ற பொது ஆஸ்பத்திரியில், வெள்ளம் எட்டாதபடி ஜெனரேட்டரை 13ஆவது மாடியில் வைத்திருந்தார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் அதற்கு டீசல் ஏற்றும் பம்பு நிலவறையில் இருந்தது! பம்பு மூழ்கியது. ஆஸ்பத்திரி ஊழியர்களும் காவற்படை வீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, டீசலைக் கைக்குக் கை மாற்றிப் பதின்மூன்று மாடி ஏற்றினார்கள். அதே இரவு பக்கத்திலேயே இருந்த பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளை இருட்டுப் படிக்கட்டில் இறக்கினார்கள். பச்சைக் குழந்தைகளை நர்சுகள் மார்போடு அணைத்து, கையால் காற்று அமுக்கிக்கொண்டே இறங்கினார்கள். அதற்கு முன்னால், 1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மருத்துவ மாணவர்கள் சுமார் ஆயிரத்து ஐநூறு பேர் முறை வைத்து இரவும் பகலும் பை அமுக்கி நோயாளிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். யந்திரம் கைவிட்ட இடத்திலெல்லாம் மனிதனின் கைதான் நின்றிருக்கிறது. இது பெருமைதான். ஆனால் 1952இல் அந்த யந்திரம் போதுமான அளவில் இல்லை, ஆகவே கை வேண்டியிருந்தது. இன்று யந்திரம் கொட்டகையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கும்போது டீக்கடைக்காரர் ஏன் பை அமுக்க வேண்டும்?

அதிகாரிகள் இரண்டு பதில் சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். நமது மனுவோடு போன தோழர்களிடமும் அதையே சொன்னார்கள்.

முதல் பதில்: "லோடு கொடுத்துச் சோதிக்கும்போது ஜெனரேட்டர் நின்றுவிட்டால் நோயாளிகள் கதி என்ன?" கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். நாமும் முதலில் சற்றுத் தயங்கினோம். யோசித்துப் பார்த்தால், காலை பத்து மணிக்கு, டாக்டர்கள் எல்லோரும் இருக்கும்போது, ஒவ்வொரு வெண்டிலேட்டர் பக்கத்திலும் ஒரு ஆளைப் பையோடு நிறுத்திவிட்டு, அறுவைச் சிகிச்சை எதுவும் நடக்காத நேரத்தில் மெயினைத் திருப்பலாம். ஜெனரேட்டர் தவறினால் சில வினாடிகளில் மெயினை மறுபடி போட்டுவிடலாம், கரண்டு அங்கேயே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் புயலில் தவறினால் திருப்பிப் போட மெயின் எங்கே இருக்கிறது? காலை பத்து மணிக்குத் தவறட்டும் என்றுதான் நாம் சொல்கிறோம். அப்படித் தவறுகிற ஜெனரேட்டர் நல்ல ஜெனரேட்டர், தன் வியாதியை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இரண்டாவது பதில், டீசல் செலவு. 125 கே.வி.ஏ. ஜெனரேட்டரைப் பாதி லோடில் அரை மணி ஓட்டினால் பத்து லிட்டர் கூட ஆகாது. மாதத்துக்கு ஒரு தடவை! திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்ட செலவில் எத்தனை வருஷம் ஓட்டலாம் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

உண்மையான செலவு ஆள் செலவு. அதைத்தான் அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஷிப்டுக்கு ஒரு ஆப்பரேட்டர், நிரந்தர வேலை, பயிற்சி, 'பாட்டரி சரியில்லை' என்று எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடும் என்ற பயம் இல்லாத நிலைமை. இது இல்லாமல் விதிப் புத்தகம் பத்து வாங்கி வைத்தாலும் ரிஜிஸ்தரில் 'சரி' என்றுதான் எழுதியிருக்கும். காண்ட்ராக்ட் ஆள் உண்மை எழுதினால் அடுத்த மாதம் அவர் இருக்கமாட்டார். பொய் எழுதினால் இருப்பார். இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஆப்பரேட்டர் மீது விசாரணைக் கமிஷன் வைத்து என்ன பயன்?

நமது மனுவில் கேட்டிருப்பது இவ்வளவுதான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லோடோடு அரை மணி ஓட்டம். எத்தனை வினாடியில் கரண்டு வந்தது, எந்தெந்த வார்டுக்கு வந்தது, பாட்டரி வோல்ட் எவ்வளவுக்கு இறங்கியது, டாங்கில் டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்பதை வெளிநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தில் கரும்பலகையில் எழுத வேண்டும். அதைப் படிக்க டாக்டர் பட்டம் தேவையில்லை. மில்லில் பாய்லர் பார்க்கிற நமது தோழர்கள் படித்தாலே புரிந்துகொள்வார்கள்.

மனு கொடுத்து ஏழு வாரமாயிற்று. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. இதற்கிடையில் புதுப் பாட்டரி வந்துவிட்டதாக ஆப்பரேட்டர் இளைஞர் செய்தி அனுப்பினார். கரும்பலகை இன்னும் வரவில்லை. வரும் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மில் சங்கத்திலிருந்து ஐந்து பேர், விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஐந்து பேர் ஆஸ்பத்திரி வாசலில் கூடுகிறார்கள். கட்டுவிரியன் கடித்துப் பிழைத்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாக்கட்டி நாம் கொண்டு போகிறோம்.