சுவத்துல ஏரி, ஏரியில சுவரு

போன வாரம் கேண்டீனில் ஒரு சண்டை. கைகலப்பு எல்லாம் இல்லை, டீ ஆறிப் போகும் வரைக்கும் வாய்ச்சண்டை மட்டும்தான். நான் சொன்னது ஒரே ஒரு வரி. "குன்றத்தூர்ல படம் மாட்டி வைக்க ஒரு சின்ன கேலரி வேணும்டா."

கூட இருந்த மூணு பேரும் சிரித்தார்கள். சிரித்ததோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆளுக்கொரு காரணம் வேறு சொன்னார்கள்.

ஒருத்தன்: "மச்சி, இது ஃபேக்டரி ஏரியா. ஷிஃப்ட் முடிச்சுட்டு கம்பெனி பஸ்ல வாயைத் திறந்துட்டுத் தூங்குறவனுக்கு கேலரியா?"

இன்னொருத்தன்: "இயற்கை ஓவியம் எதுக்கு? மலைக் கோயில் மேல ஏறி நில்லு, செம்பரம்பாக்கம் ஏரியே தெரியும். ஒரிஜினல் இருக்கும்போது ஜெராக்ஸ் எதுக்கு?"

மூணாவது ஆள்: "கிராஃபிட்டி வெள்ளைக்காரன் சமாச்சாரம். நமக்கு செட் ஆகாது."

அன்றைக்கு எனக்குக் கோபத்தில் பதில் வரவில்லை (எனக்கு எப்போதும் சண்டை முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் பதில் வரும்). இப்போது வந்துவிட்டது. கடைசியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

கிராஃபிட்டி வெள்ளைக்காரன் சமாச்சாரமா? அந்தச் சொல் இத்தாலியிலிருந்து வந்தது, உண்மைதான். அதன் வேர் 'கீறு' என்பது. நம் தொல்லியல்காரர்கள் கீழடியிலும் மற்ற இடங்களிலும் கிடைத்த பானை ஓடுகளில் இருக்கும் குறிகளை ஆங்கிலத்தில் 'கிராஃபிட்டி' என்றுதான் எழுதுகிறார்கள். தமிழில் கீறல் குறியீடு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை இதைப் பற்றி ஓர் ஆய்வு நூலே வெளியிட்டது. சுமார் 140 இடங்களில் கிடைத்த 15,000 ஓடுகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்ட நூல். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் எவனோ ஒருவன், எவளோ ஒருத்தி, தன் பானையில் தன் குறியைக் கீறி வைத்திருக்கிறார்கள். யாரிடமும் பர்மிஷன் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால், தேர்தலுக்கு ஆறு மாசம் முன்னாடி நம் தெருவில் நடந்து பாருங்கள். சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதி, சுவரை ரிசர்வ் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். துண்டு போட்டு பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி. இதைத் தடுக்க 1959-லேயே பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் சுவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் பெயருக்குப் பின்னால் 'ஆர்ட்ஸ்' என்று போட்டுக்கொண்ட ஓவியர்கள், சாரத்தில் நின்று ஓர் ஆள் உயர எழுத்தை அளவுகோல் இல்லாமல் எழுதினார்கள். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் கையில் இருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. ஆக, கிராஃபிட்டி நமக்குப் புதுசு இல்லை. சுவரில் யார் எழுதலாம், எதை எழுதலாம் என்பதுதான் நமக்கு எப்போதும் பிரச்சினை.

அடுத்து, 'ஒரிஜினல் இருக்கும்போது ஜெராக்ஸ் எதுக்கு'.

ஏரி இருக்கிறது சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் அதை எப்போது பார்க்கிறோம்? நவம்பர் வந்தால் டிவியில் "24 அடியில் 22 அடியைத் தொட்டது" என்று ஓடும். அப்போது பார்க்கிறோம். அதுவும் ஏரியை இல்லை, எண்ணைப் பார்க்கிறோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அது திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்து சென்னைக்குள் போய் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அடையாற்றுக் கரையில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கம், கண்ணகி நகரை ஒட்டிய எழில் நகர் என்று கொண்டு போய் இறக்கினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே கண்ணகி நகரில்தான் 2020-இல் சென்னையின் முதல் 'கலை மாவட்டம்' வந்தது. ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷனும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து, அடுக்குமாடிச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரைய வைத்தார்கள். அந்த ஊர்க் குழந்தைகளின் சிரித்த முகம், பூ, பறவை, பட்டையான வண்ணங்கள். வரைந்தவர்களில் சென்னையின் ஏ-கில் ஒருவர்.

நான் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்கிய நகரம், அந்தப் பெயரைச் சொல்லி போட்டோ எடுக்க வந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே நாள் அங்கிருந்து ஈ.சி.ஆர். பக்கம் திரும்பி ஈஞ்சம்பாக்கம் போனேன். சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். எந்தக் கம்பெனியும் தயவு செய்து கொடுத்தது இல்லை. பணிக்கர் ஆரம்பத்தில் வாட்டர்கலரில் கேரளத்து இயற்கைக் காட்சிகள் வரைந்தவர். 1963-க்குப் பிறகு 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை வரைந்தார். கட்டம், கணக்கு, ஜாதகம், படிக்க முடியாத எழுத்து... ஒரு பழைய வீட்டுச் சுவரில் பத்துத் தலைமுறை கிறுக்கி வைத்த மாதிரி இருக்கும். இயற்கை ஓவியமும் சுவர்க் கிறுக்கலும் ஒரே மனுஷன் கையில்!

இரண்டு இடத்துக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் படத்துக்கு ஒரு அறை இருக்கிறது, கீழே வரைந்தவர் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகிற உரிமையும் இருக்கிறது. இன்னொரு பக்கம் படம் மட்டும் இருக்கிறது. வரைந்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள், வரைந்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே குடியிருப்பவர் காலையில் துணி காயப்போட வெளியே வந்தால் அந்தப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். 'கலையை மக்களிடம் கொண்டு போகிறோம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் உறுத்துகிறது. படம் மக்களிடம் போகிறது. பிரஷ் போகவில்லையே?

நம் தாழ்வாரத்துக்கு, அதாவது குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரைக்கும், இரண்டும் இல்லை. கார் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, செல்போன் இருக்கிறது. ஒரு படத்தை நின்று பார்க்க ஓர் அறை இல்லை. நமக்குக் கிடைத்தது காம்பவுண்டுச் சுவர். அதில் பச்சை மரம், நீல ஆறு, இரண்டு மான், 'இயற்கையைக் காப்போம்'.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. ஓர் இடத்தில் (எந்த இடம் என்று கேட்காதீர்கள், நான் இன்னும் டிகிரி வாங்க வேண்டும்) மாணவர்களுக்காக இயற்கை ஓவியக் கண்காட்சியும் கிராஃபிட்டிப் போட்டியும் வைத்தார்கள். ஹாலுக்குள் படங்கள், வெளியே சுவர். பெயின்ட், டீ ஷர்ட், சாப்பாடு எல்லாம் ஒரு நிறுவனத்தின் செலவு. விதி: தலைப்பு இயற்கை, சர்ச்சை கூடாது. நாங்கள் நாலு பேர் எங்களுக்குத் தெரிந்த ஏரி ஒன்றை வரைந்தோம். கரை, பனைமரம், கொக்கு. நடுவில், ஏரிக்குள்ளேயே நிற்கிற ஒரு சிமென்ட் காம்பவுண்டுச் சுவர். ஏனென்றால் அது அங்கே நிஜமாகவே இருக்கிறது. நாங்கள் கற்பனை செய்யவில்லை.

மத்தியானம் ஒரு சார் வந்தார். நல்ல மனுஷர். ரொம்ப நேரம் பார்த்தார். "ரொம்ப நல்லா வந்திருக்குப்பா. அந்தச் சுவரை மட்டும் எடுத்துடுங்க, கெஸ்ட் வர்றாங்க" என்றார். நாங்கள் எடுத்தோம். பச்சை பெயின்ட் நிறைய மிச்சம் இருந்தது. சுவர் புதர் ஆயிற்று. எங்களுக்கு மூணாவது பரிசு.

அன்றைக்குத்தான் புரிந்தது. கேட்டு வாங்கி, தலைப்புக் கொடுத்து, திருத்தி வாங்கினால் அது கிராஃபிட்டி இல்லை, பெயின்ட் விளம்பரம். ஏரியில் இருக்கிற சுவரை விட்டுவிட்டு வரைந்தால் அது இயற்கை ஓவியமும் இல்லை, காலண்டர். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். மீன், எருமை, யானை, அன்னம், பூப்பறிக்கிற ஆள் எல்லோரும் அந்தத் தண்ணீரில் இருக்கிறார்கள். குளத்தில் என்ன இருக்கும் என்று நின்று பார்த்தவன் வரைந்தது அது.

சரி, அப்போ நீ கேலரி கேட்பது ஏன், அங்கே மட்டும் என்ன கிழித்துவிடும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கேலரியும் யோக்கியம் இல்லை. 2018-இல் லண்டனில் பேங்ஸி தன் படம் ஏலம் போன நிமிஷமே அதைச் சட்டத்துக்குள்ளேயே கிழிய வைத்தார். வியாபாரத்தைக் கேலி செய்தாராம். கிழிந்த அதே படம் 2021-இல் ஒரு கோடியே எண்பது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. சந்தை கிழிசலையும் விற்கும்.

நான் கேட்பது அந்த மாதிரி கேலரி இல்லை. ஒரு சின்ன அறை. அங்கே மாட்டுகிற படத்தில் ஏரியும் இருக்கலாம், ஏரிக்குள் சுவரும் இருக்கலாம். 'கெஸ்ட் வர்றாங்க' என்று யாரும் சொல்லக் கூடாது. பார்க்க இஷ்டம் இருக்கிறவன் வரட்டும், இல்லாதவன் போகட்டும்.

இப்போது முதல் ஆளுக்கு வருகிறேன். "கம்பெனி பஸ்ல தூங்குறவன் வருவானா?"

எங்கள் தெருவில் பட்டுத் தறி வைத்திருக்கும் தாத்தா ஒருவர் இருக்கிறார். குன்றத்தூரில் பட்டு நெசவு தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே நம்மில் பல பேருக்குத் தெரியாது. அந்த ஹாலில் முதல் பரிசு வாங்கிய படத்தை செல்போனில் அவரிடம் காட்டினேன். குளத்தில் ஓர் அன்னம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கழுத்து தப்பும்மா. தண்ணியில இருக்குற பறவை இப்படி விறைப்பா நிக்காது" என்றார். நாற்பது வருஷம் முந்தானையில் மயிலும் அன்னமும் போட்ட கண் அது. பரிசு கொடுத்த நடுவருக்கு அது தெரியவில்லை.

இவர்களுக்குக் கலை புரியாது என்று எந்த தைரியத்தில் சொல்கிறோம்? கார் கதவில் முடி அளவு கீறல் விழுந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளி வைக்கிற கண் அந்த ஷிஃப்ட்டுக்காரனுடையது. அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தக் கண்ணுக்கு ஒரு படம் காட்ட மட்டும் நமக்கு யோசனை வருகிறது. தூக்கம் வருவது அவன் குற்றம் இல்லை. ஈஞ்சம்பாக்கம் போக மூணு பஸ் மாற வேண்டியிருக்கிறதே, அதுதான் குற்றம்.

இடம் எங்கே என்று கேட்கிறீர்களா? கோடிக் கணக்கில் கட்டடம் வேண்டாம். குன்றத்தூரில் முருகன் கோயில் புண்ணியத்தில் கல்யாண மண்டபத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கும். ஒரு சின்ன மண்டபம், டைனிங் ஹாலாக இருந்தாலும் போதும், பத்து நாள். உள்ளே இந்த ஊர்க்காரர்கள் வரைந்த படங்கள். தாத்தாவின் தறி டிசைன் பேப்பரும் மாட்டலாம். ஃப்ளெக்ஸ் வந்து வேலை போன 'ஆர்ட்ஸ்' அண்ணன்களைக் கூப்பிட்டு வெளியே ஒரு சுவரைக் கொடுக்கலாம். தலைப்புக் கொடுக்காமல். திறப்பு நேரம் மட்டும் இரவு பத்து வரைக்கும், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக.

ஆடிக்கு முன்னால் ஒரு மண்டபத்துக்காரரிடமாவது பேசிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். சிரித்த மூணு பேரில் ஒருத்தன், "சரி வா, நானும் வர்றேன், எங்க சித்தப்பாவோடது ஒண்ணு இருக்கு" என்று நேற்று சொன்னான். பார்ப்போம்.

டிஸ்கி: எங்கள் மூணாம் பரிசு ஏரி இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் இடது ஓரத்தில் ஒரு புதர் தெரியும், மற்ற புதரைவிட ரொம்ப நேர்கோடாக. அது புதர் இல்லை மக்களே.