இரத்தம் பார்த்தாச்சா?

என் தம்பிக்குக் கண் மஞ்சளானபோது கினிகத்தேனையிலிருந்து கீழாநெல்லி வந்தது. உம்மம்மா அதை வேரோடு கழுவி அம்மியில் அரைத்து, நெல்லிக்காயளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தார். எண்ணெயில்லாப் பத்தியம் வேறு. மூன்று வாரத்தில் தம்பி பந்து விளையாடப் போய்விட்டான். அன்றிலிருந்து ஹட்டனில் எங்கள் தெருவுக்கே உம்மம்மாதான் வைத்தியர்.

சில மாதங்கள் கழித்து, எங்கள் கடைக்கு வரும் தோட்டத்து அக்கா ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். கணவருக்குக் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தாங்கமுடியாத வலி, கண்ணும் மஞ்சள். உம்மம்மா அதே உருண்டையைக் கொடுத்தனுப்பினார். நான்காம் நாள் அவருக்குச் சிறுநீர் நின்றுபோனது. அவர் கான் வெட்டுபவர். சேற்றுநீரில் நிற்கும் வேலை. வந்திருந்தது எலிக்காய்ச்சல். முதல் நாளே வைத்தியசாலைக்குப் போயிருந்தால் மருந்தோடு முடிந்திருக்கக்கூடும். உயிர் தப்பினார், ஆனால் சிறுநீரகம் தேற வாரக்கணக்கானது. அத்தனை நாளும் அக்காவின் ஒரு பேரை வைத்தே லயத்து வீட்டில் அடுப்பெரிந்தது.

மஞ்சள் என்பது நோயல்ல, அடையாளம். அசுத்த நீரால் வரும் ஏ வகை ஈரலழற்சியிலும் கண் மஞ்சளாகும். எலிக்காய்ச்சல், பித்தக்குழாய்க் கல், கசிப்பால் கெட்ட ஈரல் எல்லாவற்றிலும் ஆகும். தம்பிக்கு வந்தது ஏ வகை. பெரும்பாலும் அது தானாகவே மாறிவிடும். வாப்பா உம்மம்மாவுக்குத் தெரியாமல் இரத்தம் பார்த்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதற்காகக் கீழாநெல்லியைக் கேலி செய்ய நான் வரவில்லை. பி வகை ஈரலழற்சி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க், சென்னையில் தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து இதே செடியை ஆராய்ந்தார். 1988இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: பொடியை 30 நாள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது; வெறும் பொடி உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் நாட்டுக்கே உரிய ஹீன் போவிட்டியா இலையும் எலிகளின் ஈரலைக் காத்தது. எலியில் கண்டதை மனிதரில் உறுதிசெய்ய நெடுந்தூரம் இருக்கிறது.

ஈரல் தழும்பேறி இறுகிவிட்டால் நிலைமை இன்னும் கடினம். அந்தத் தழும்பை நீக்குமென்று மனிதரில் உறுதியான மூலிகை இன்றுவரை இல்லை. குடியை நிறுத்துவது, உடற்பருமனைக் குறைப்பது, பி வகைக்கு வைத்தியர் தரும் மாத்திரையை விடாமல் எடுப்பது ஆகியவைதாம் இறுகலைத் தடுக்கின்றன. (பி வகைக்கான தடுப்பூசி 2003 முதல் நம் குழந்தைகளுக்கு இலவசமாகவே போடப்படுகிறது.) பச்சிலை என்பதாலேயே ஈரலுக்குத் தீங்கில்லை என்றும் எண்ணவேண்டாம், கொரோனாக் காலத்தில் மும்பையில் சீந்தில் குடித்துச் சிலர் ஈரல் பாதிப்போடு வைத்தியரிடம் போனார்கள்.

பெற்றோரே, மூலிகை கொடுப்பதாயிருந்தாலும் பரிசோதனைக்குப் பிறகு கொடுங்கள். கொடுத்ததை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். தோட்டத்து மருந்தகத்தில் பரிசோதனை வசதியில்லை, டவுனுக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பிடி கீழாநெல்லி சும்மா கிடைக்கிறது. அந்தப் பரிசோதனையைத் தோட்டத்துக்கே கொண்டுவரும்படி நாம் கேட்கவேண்டாமா?

உம்மம்மா இன்னும் அம்மியை விடவில்லை. ஆனால் யார் வந்து நின்றாலும் முதலில் கேட்பது, “இரத்தம் பார்த்தாச்சா மகள்?”